இணைப்பு அறுந்தால் முதலில் தொலைபேசியைக் கேளுங்கள் (டயல்-அப் இணையக் காலத்துக் கேள்வி–பதில்)

கேள்வி: எங்கள் வீடு பட்டுக்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகனோடு மின்னஞ்சல் வழியே தொடர்பு வைத்துக்கொள்ளவே கம்ப்யூட்டர் வாங்கினோம். பென்டியம் 3, 64 எம்.பி. ராம், விண்டோஸ் 98, உள்ளேயே பொருத்திய மோடம். டயல் செய்தால் இணைப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் ஐந்து நிமிடத்திலோ பத்து நிமிடத்திலோ தானாகவே அறுந்துபோகிறது. மாலை 6 மணிக்கு மேல் தொல்லை அதிகம். மழை பெய்தால் இணைவதே கஷ்டம். எதையும் தொடாமல் நீண்ட கடிதம் ஒன்றை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது அறுந்ததும் உண்டு. போனில் பேச்சு தெளிவாகவே கேட்கிறது. கடைக்காரர் இரண்டு முறை ஃபார்மட் செய்து கொடுத்தார். திரையில் வேகம் 115,200 என்று காட்டுவதால் லைனில் குறை இல்லை, மோடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா? படுக்கையறையில் ஒரு பேரலல் போன் உண்டு. கால் வெயிட்டிங் வசதியும் வாங்கியிருக்கிறோம்.

– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சை மாவட்டம்

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

கம்ப்யூட்டரைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மூன்றாவது முறை ஃபார்மட் செய்ய யாரேனும் முன்வந்தால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டாம். டயல் செய்தவுடன் இணைப்பு கிடைத்து, பக்கங்களும் சில நிமிடங்கள் ஒழுங்காக வந்துவிட்டுப் பிறகு அறுந்துபோகிறது என்றால், விண்டோஸும், மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரும் அடிப்படையில் தம் வேலையைச் செய்கின்றன என்றே கொள்ள வேண்டும். அந்த நிலையில் ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டு அதே டிரைவரை மறுபடி ஏற்றுவதால் உங்கள் கடிதங்கள் அழியுமே தவிர வேறு பயன் இராது.

தொலைபேசி எண்ணை டயல் செய்து பெறும் இந்த டயல்-அப் இணைப்பைத் துண்டிக்கக்கூடியவர்கள் நால்வர். நேரம் கடந்துவிட்டது என்று கம்ப்யூட்டரே துண்டிக்கலாம். எதிர்முனை மோடத்தின் ஒலி, அதாவது கேரியர், கேட்காமல் போனதால் உங்கள் மோடம் லைனை விட்டுவிடலாம். இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர் அந்தப் பக்கத்திலிருந்து வைத்துவிடலாம். அல்லது உங்கள் வீட்டிலேயே ஒருவர் வேறு போனை எடுத்திருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது இவர்களுள் மூவர் ஒரே சமயத்தில் கைவரிசை காட்டுவதாகத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றவை தொடர்ந்தால் எதுவுமே பலிக்கவில்லை என்ற மயக்கம்தான் மிஞ்சும் என்பதால், தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில், எதையும் தொடாமல் படித்துக்கொண்டிருந்தபோது அறுந்தது. இது பழுதே அல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் டூல்ஸ் மெனுவின் கீழ் உள்ள இன்டர்நெட் ஆப்ஷன்ஸைத் திறந்து, கனெக்‌ஷன்ஸ் என்ற தாவலில் உங்கள் இணைப்பின் பெயரைத் தேர்ந்து, செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு என்று போனால், 20 நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டி என்று பொருள்படும் ஒரு வரியும் அதன் பக்கத்தில் டிக் குறியும் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அதற்கு அடுத்த வரி, இணைப்பு இனித் தேவைப்படாது என்று தோன்றினால் துண்டி என்பது, அதையும் எடுத்துவிடலாம். இதே போன்ற இன்னொரு கட்டளை கன்ட்ரோல் பேனலில் உள்ள மோடம்ஸ் பகுதியில், ப்ராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன் என்ற இடத்தில் ஒளிந்திருக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் ஆப்ஷன்ஸில், அஞ்சல் அனுப்பிப் பெற்றபின் போனை வைத்துவிடு என்ற குறி விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அஞ்சல் வந்து சேர்ந்த மறுகணமே ஒவ்வொரு முறையும் அறுகிறது என்று புலம்புவோர் பலருக்கும் காரணம் அந்த ஒற்றைக் குறிதான். ஆனால் ஒன்று: இவற்றை எடுத்த பிறகு, நீங்கள் எழுந்து காபி குடிக்கப் போனாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கடிதத்தை இறக்கிக்கொண்டு, இணைப்பை நீங்களே துண்டித்துவிட்டு, ஆர அமரப் படிப்பதுதான் தொலைபேசிக் கட்டணத்துக்கு நல்லது.

அடுத்து, கடைக்காரர் சான்றாகக் காட்டிய 115,200. அது உங்கள் தொலைபேசிக் கம்பியின் வேகமே அல்ல. கம்ப்யூட்டருக்கும் அதன் வயிற்றுக்குள் இருக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். 1998-இல் வந்த வி.90 தரத்தின்படி ஒரு சாதாரண தொலைபேசி லைனில் வினாடிக்கு 56,000 பிட்டுக்கு மேல் வர வழியில்லை. நல்ல லைனில் 44,000 முதல் 50,000 வரை கிடைப்பதே பெரிய விஷயம். லைன் அறுந்து தொங்கினாலும் 115,200 என்ற எண் மாறாது. உண்மை வேகத்தைக் காட்டச் சொல்ல, பல மோடம்களுக்கு ஒரு சிறிய கட்டளை உண்டு: மோடம் ப்ராப்பர்ட்டீஸில் கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு என்று போய், எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் என்ற கட்டத்தில் ஆங்கில டபிள்யூ எழுத்தையும் 2 என்ற எண்ணையும் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். அடுத்த முறை இணையும்போது 45,333 என்றோ 31,200 என்றோ நிஜமான எண் தெரியும். இந்த எண்ணை ஒரு வாரம் தாளில் குறித்து வாருங்கள். காலையில் 45,333, மாலையில் 33,600-க்கும் கீழே, மழையில் 24,000 என்று சரிந்துகொண்டே போனால் உங்களுக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன்: பேச்சு தெளிவாகக் கேட்கிறது, ஆகவே லைன் நன்றாக இருக்கிறது. இந்த நம்பிக்கையில்தான் பலர் மோடத்தின் மேல் மோடமாக வாங்கிக் குவிக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலிலும் தெரிந்தவர் சொல்லும் பாதி வார்த்தையைக் கேட்டு மீதியை நாம் ஊகித்துக்கொள்கிறோம். மோடத்துக்கு ஊகிக்கத் தெரியாது. தொலைபேசி லைன் கடத்தும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிப்பட்டை முழுவதையும் அது விளிம்பு வரை நிரப்பிப் பயன்படுத்துகிறது. 45,333 பிட் வேகத்தில் ஓடும்போது, உங்கள் காதில் மெல்லிய சொடுக்காக விழும், ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கே நீடிக்கும் ஓர் ஒலி, நானூறுக்கும் மேற்பட்ட பிட்டுகளைக் கெடுத்துவிடும். கெட்டவற்றைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு மோடத்தில் உண்டு. கரகரப்பு நீடித்தால் இரு மோடங்களும் பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் இணைந்தபோது கீச்சிட்டது போலவே மறுபடி ஒன்றையொன்று அளந்துபார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கம் பாதியில் நின்றுவிடும். திரையின் வலது மூலையில் உள்ள இரட்டைக் கம்ப்யூட்டர் சின்னம் மினுங்காமல் இருண்டு கிடக்கும். சில வினாடிகள் கழித்து மீண்டும் உயிர் வரும், அல்லது துண்டிக்கப்பட்டதாக அறிவிப்பு வரும். அறுவதற்கு முன்பு இப்படி ஒரு திணறல் தெரிந்தால் குற்றவாளி லைன்தான். மாறாக, பக்கம் மளமளவென்று வந்துகொண்டிருக்கும்போதே, எந்தத் திணறலும் இல்லாமல் பட்டென்று அறுந்தால், வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்ததா, யாரேனும் பேரலல் போனை எடுத்தார்களா, சர்வர் வைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

லைனைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கம்ப்யூட்டரிலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி, அதே முனையில் ஒரு சாதாரண போனை மாட்டுங்கள். ரிசீவரை எடுத்து ஏதேனும் ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று, எக்ஸ்சேஞ்ச் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும் சில வினாடிகள் நிசப்தமாக இருக்கும். அந்த நிசப்தத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். டயல் டோனும் பேச்சும் மறைத்துவிடும் எல்லாமே அப்போது வெளிப்படும்: எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் என்றால் ஏதோ ஒரு ஜாயிண்ட்டில் துரு அல்லது ஈரம், சீரான உறுமல் என்றால் மின்கம்பியின் பாதிப்பு அல்லது ஒரு கம்பி பூமியைத் தொடுகிறது, தொலைவில் வேறு யாரோ பேசுவது கேட்டால் கேபிளில் பக்கத்து இணைப்பின் கம்பி ஜோடியோடு கசிவு. இந்தச் சோதனையைக் காலையில் ஒரு முறையும், மாலையில் ட்யூப் லைட்டும் மின்விசிறியும் ஓடும்போது ஒரு முறையும், மழை விட்ட பத்தாவது நிமிடத்தில் ஒரு முறையும் செய்யுங்கள்.

கரகரப்பு கேட்டால், அது வீட்டுக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். வெளியிலிருந்து வரும் கம்பி சுவரில் முதன்முதலாக வந்து முடியும் ரோஸட் பெட்டியைத் தேடிப்பிடியுங்கள். கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் அது திண்ணையிலோ நடையிலோ, வெள்ளையடிக்கும்போது அதன்மேலும் சுண்ணாம்பு பூசப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மூடியைக் கழற்றினால் பித்தளைத் திருகாணிகளில் இரண்டு மெல்லிய கம்பிகள் சுற்றப்பட்டிருப்பதைக் காணலாம். திருகாணியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தாலோ, கம்பியின் முனை கறுத்திருந்தாலோ, உள்ளே எறும்புக்கூடு இருந்தாலோ வியப்படைய வேண்டாம். உங்கள் மழைக்கால நோய்க்கு அங்கேயே பாதி மருந்து கிடைத்துவிடும். இடி மின்னல் இல்லாத நேரத்தில் மட்டும் இதில் கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேசாத நேரத்தில் லைனில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம்தான் இருக்கும் என்றாலும், மணி அடிக்கும்போது வரும் மாறுமின்சாரம் கையை உதறவைக்கும், ஈரக்கையோடு தொடாதீர்கள். கம்பியின் முனையைச் சிறிது நறுக்கிவிட்டு, புதிதாக உரித்து, திருகாணியை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிக் கட்டுங்கள். பிறகு வீட்டுக்குள் போகும் எல்லாக் கிளைக் கம்பிகளையும், படுக்கையறைப் போனுக்குப் போவது உட்பட, விலக்கிவிட்டு, இந்த முதல் பெட்டியிலேயே போனை மாட்டி அதே நிசப்தச் சோதனையைச் செய்யுங்கள். இங்கே சுத்தமாக இருந்து, கிளைகளைச் சேர்த்ததும் கரகரத்தால் தவறு உங்கள் வீட்டுக் கம்பியில். கம்ப்யூட்டர் மேசை வரை இழுத்த கம்பி மின்சார ஒயரோடு ஒரே கேஸிங்கில் போகிறதா, ட்யூப் லைட் சோக்கை ஒட்டிப் போகிறதா, பாதியில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் மட்டும் தொல்லை மிகுவதற்கு இது ஒரு வலுவான காரணம். முதல் பெட்டியிலிருந்து மோடத்துக்கு ஒட்டே இல்லாத ஒரே கம்பியாக, மின்சார ஒயரிலிருந்து ஒரு சாண் விலக்கிப் புதிதாக இழுத்துவிடுவது ஒரு மோடத்தின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

முதல் பெட்டியிலேயே கரகரத்தால் பழுது வெளியில். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயர் தென்னை மட்டையில் உரசி மேல் உறை தேய்ந்திருக்கலாம். பல வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பெட்டியின் மூடி போய் மழைநீர் இறங்கியிருக்கலாம். சாலையோரப் பள்ளத்தில் கேபிள் ஜாயிண்ட் ஊறிக்கொண்டிருக்கலாம். தொலைபேசிப் பழுதுகளுக்கான 198 என்ற எண்ணில் புகார் கொடுக்க வேண்டும். அப்போது இன்டர்நெட் கட்டாகிறது என்று சொல்லாதீர்கள். உங்கள் நெட் கம்பெனியைக் கேளுங்கள் என்ற பதிலோடு புகார் முடிந்துவிடும். போனில் கரகரப்பு, மழை பெய்தால் அதிகமாகிறது என்று சொல்லுங்கள். அதைச் சரிசெய்து தருவது அவர்கள் கடமை, தட்டிக்கழிக்க முடியாது. லைன்மேன் வரும்போது வெயிலாக இருந்து லைன் நன்றாக இருப்பதாகத் தோன்றினால், எக்ஸ்சேஞ்சிலிருந்து இன்சுலேஷன் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கம்பிகளுக்கும் இடையிலும், ஒவ்வொரு கம்பிக்கும் பூமிக்கும் இடையிலும் உள்ள கசிவை அந்தச் சோதனை எண்ணாகவே சொல்லிவிடும். பழுதான ஜோடியை விட்டு கேபிளில் வேறு நல்ல ஜோடிக்கு உங்களை மாற்றிவிடுவது பல சமயம் ஒரு மணி நேர வேலைதான்.

படுக்கையறைப் போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பில் இருக்கும்போது யாரேனும் ரிசீவரை எடுத்தால் லைனின் மின்னழுத்தம் சரிந்து, பேச்சொலியும் உள்ளே புகுந்து, கேரியர் குலைந்துவிடும். சிலர் எடுத்துப் பார்த்துவிட்டு, சரசரவென்று கேட்டதும் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரியவே வராது. கம்ப்யூட்டரில் உட்காரும்போது அந்தப் போனைப் பிடுங்கிவைப்பதே எளிது.

கால் வெயிட்டிங்தான் மாலைத் தொல்லைக்கு நான் சந்தேகப்படும் மற்றொரு காரணம். வெளியூர் அழைப்புகள் மாலையில்தான் அதிகம் வரும். ஒவ்வோர் அழைப்பு வரும்போதும் எக்ஸ்சேஞ்ச் உங்கள் லைனில் பீப் ஒலியைச் செலுத்துகிறது. அந்த இடைவெளியில் மோடத்துக்கு எதிர்முனை கேட்பதில்லை. பெரும்பாலான மோடங்கள் கேரியர் காணாமல் போன 1.4 வினாடியில் போனை வைத்துவிடும்படி அமைக்கப்பட்டவை. விண்டோஸின் டயலிங் ப்ராப்பர்ட்டீஸில் கால் வெயிட்டிங்கை நிறுத்த நட்சத்திரம் 70 போன்ற எண்கள் பட்டியலிடப்பட்டிருக்கும்; அவை அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகளுக்கு உரியவை, இங்கே அவற்றைத் தேர்ந்தால் டயல் ஆவதே கெட்டுப்போகும். உங்கள் எக்ஸ்சேஞ்சில் அந்த வசதியை நிறுத்தவும் திரும்பப் பெறவும் என்ன எண் என்று அங்கேயே கேட்டு, இணையத்தில் நுழையுமுன் போனிலிருந்து அதை நிறுத்திவிட்டு வாருங்கள். நிறுத்த மனமில்லை என்றால், முன்பு டபிள்யூ 2 தட்டிய அதே கட்டத்தில், தொடர்ந்து எஸ் என்ற எழுத்து, 10 என்ற எண், சமக்குறி, 50 என்ற எண் ஆகியவற்றைச் சேருங்கள். பத்தில் ஒரு வினாடி என்ற கணக்கில் 50 என்பது 5 வினாடி. அதுவரை மோடம் பொறுத்துப் பார்க்கும். பீப் ஒலிக்கும், சிறு கரகரப்புக்கும் இது போதுமானது. இதைவிடப் பெரிய எண்ணைப் போட வேண்டாம். எதிர்முனை உண்மையிலேயே வைத்துவிட்ட பிறகும் உங்கள் மோடம் வெற்று லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

லைனைச் சரிசெய்யக் காலதாமதமானால், இடைக்கால ஏற்பாடாக மோடத்தின் வேகத்தை நீங்களே குறைத்துவிடலாம். வி.90-ஐ விட்டு, அதற்கு முந்தைய வி.34 தரத்தில், அதாவது 33,600-க்கு உட்பட்டு இணையச் சொல்லும் கட்டளை மோடத்தின் கையேட்டில் இருக்கும். சில்லுக்குச் சில்லு அது மாறும் என்பதால் இங்கே ஒன்றை எழுதி உங்களைக் குழப்ப விரும்பவில்லை. 45,333-இல் ஐந்து நிமிடம் ஓடி அறுவதைவிட 31,200-இல் ஒரு மணி நேரம் அறாமல் ஓடுவதே மின்னஞ்சலுக்கு ஏற்றது. அறும் ஒவ்வொரு முறையும் மறு டயலுக்குக் குறைந்தது ஒரு யூனிட்டாவது மீட்டரில் ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சர்வரின் பக்கம் குற்றம் இருக்கிறதா என்பதை அறிய மோடம் எழுதும் பதிவேடு உதவும். அதே அட்வான்ஸ்டு பகுதியில் அப்பெண்ட் டு லாக் என்ற குறியைப் போட்டுவிட்டு, அடுத்த முறை அறுந்ததும் வியூ லாக் பொத்தானை அழுத்திக் கடைசி வரிகளைப் பாருங்கள். எதிர்முனை மோடம் வைத்துவிட்டது என்ற பொருளில் ரிமோட் மோடம் ஹங் அப் என்ற வரி இருந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி. ஆனால் லைன் கெட்டுக் கேரியர் போனாலும் இதே வரிதான் வரும் என்பதால், இதை மட்டும் வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்த வரி இல்லாமல், டிடிஆர் (கம்ப்யூட்டர் மோடத்துக்குத் தரும் ‘தயார்’ சமிக்ஞை) தாழ்த்தி ஹேங்கப் என்று மட்டும் இருந்தால் கம்ப்யூட்டரேதான் வைத்திருக்கிறது. முதலில் சொன்ன குறிகளை மீண்டும் பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் சிறிய மணிநேரப் பொதி ஒன்றை வாங்கி, அதன் எண்ணுக்கு டயல் செய்து பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்போரும் இதே தொல்லையைக் கேட்டு எழுதுகிறார்கள். இணைந்த சில நிமிடங்களில் கம்ப்யூட்டரே 60 வினாடி எண்ணிவிட்டு அணைந்தால் அது 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் போன்ற கம்ப்யூட்டர் புழுவின் வேலை. லைனைப் பரிசோதிக்கத் தேவையில்லை. உங்கள் விண்டோஸ் 98-ஐ அது தொடாது.

எல்லாம் செய்து, லைனும் நிசப்தமாக இருந்து, அப்போதும் அறுந்தால் மோடத்தின் மேல் சந்தேகப்படலாம். உள்ளே பொருத்தும் மலிவு மோடங்களில் பல, தம் வேலையின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரின் ப்ராஸஸரிடமே ஒப்படைப்பவை. 64 எம்.பி. ராமில் பாட்டும் ஓடி, ஆன்ட்டி வைரஸும் துழாவிக்கொண்டிருந்தால் மோடத்துக்கு உரிய நேரத்தில் கவனம் கிடைக்காமல் அறுவது உண்டு. அவற்றை நிறுத்திவிட்டு ஒரு முறை பாருங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால், சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடமாக வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மின்னல் தாக்கினால் அதோடு போகும், மதர்போர்டைப் பெரும்பாலும் இழுத்துக்கொண்டு போகாது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாப் பக்கம் அடிக்கும் இடிக்கு இது சிறிய லாபமல்ல. அதன் முகப்பில் சிடி என்று குறித்த விளக்கு, கேரியர் இருக்கும்வரை எரியும். பக்கம் நின்றுபோன உடனே அந்த விளக்கைப் பாருங்கள்: அது அணைந்திருந்தால் லைனையோ எதிர்முனையையோ தேடுங்கள், எரிந்துகொண்டே இருந்து பக்கம் மட்டும் வரவில்லை என்றால், போனை வைத்துவிடாமல் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள், அந்த ஒரு தளத்தில்தான் தடங்கல் இருக்கக்கூடும்.